ஒழுகாத வீடு

கதவு இறுகுகிறது என்று மாசானம் வந்து சொன்னபோது குழல்வாய்மொழி சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக அடைமழை. குற்றாலத்து மலை இருந்த இடமே தெரியவில்லை. இந்த மழைக்குக் கதவு இறுகாமல் வேறெப்போது இறுகும்?

"சிரிக்காத தாயி. காலனியில ஒரு வீட்டுக் கதவும் நேரா சாத்த வரல. காலால உதைச்சுச் சாத்துதாங்க, தோளக் குடுத்துத் தொறக்காங்க. ஜன்னலும் அப்படித்தான். ஓரத்தைச் சீவி விட்டுரட்டா?"

"சீவுங்க அண்ணாச்சி. இதுக்குப் போய் என்கிட்ட கேக்கணுமா?"

"உங்க பலகையாச்சே. தேக்குன்னா நான் ஏன் கேக்கேன்?"

அவர் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். அவளும் அதை அதோடு மறந்து போனாள். மழையில் இறுகும் கதவை ஆசாரி சீவுவது ஊர் உலகத்தில் நடப்பதுதானே.

அது மரமாக இருந்தால்.

செங்கோட்டை மரக்கடைகளின் பின்னால் மரத்தூள் குன்று குன்றாகக் கிடக்கும். தென்காசி வட்டாரத்துக் குப்பையில் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் கிடைக்கும். தூளைக் காயவைத்து, பிளாஸ்டிக்கைக் கழுவி நறுக்கி, இரண்டையும் சூட்டில் பிசைந்து அச்சு வழியாகப் பிதுக்கினால் பலகை. இதை எத்தனையோ பேர் செய்கிறார்கள். தர்மராஜ் முதலாளியின் ஆலையில் மட்டும் கலவை ஆறும் நேரம் இன்னொன்றையும் சேர்த்தார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. யார் வாயிலும் நுழையாததால் தொழிலாளிகள் அதை 'உறை' என்றார்கள். பாலுக்கு மோர் விடுவதுபோல அளந்து விட வேண்டும். உயிருள்ள சாமான். மரமும் பிளாஸ்டிக்கும் தானாக ஒட்டிக்கொள்ளாது. உறைதான் இரண்டையும் பிடித்துக் கட்டிப்போட்டது. அதோடு அது சும்மா இருக்கவில்லை. பலகையில் விரிசல் விழுந்து ஈரம் பட்டால் விழித்துக்கொண்டு விரிசலை மூடியது.

யாராவது பார்க்க வந்தால் முதலாளி ஒரு பலகையை இரண்டாக அறுத்து, சேர்த்து வைத்து, ஈரத்துணி சுற்றிக் கட்டுவார். மறுநாள் காலையில் அவிழ்த்தால் ஒரே பலகை. வந்தவர்கள் கை தட்டுவார்கள். அவர் வெட்கப்படுவதுபோல நிற்பார். 'ஒழுகாத வீடு' என்று பெயர் வைத்து, முதல் வரிசை வீடுகளைத் தன் தொழிலாளிகளுக்கே கட்டிக் கொடுத்தார். ஆலைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். சுவர், கூரை, கதவு, ஜன்னல், நிலை, வாசற்படி எல்லாமே பலகை. அதுவரை ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டி பானை வைத்துப் படுத்த ஜனங்கள், முதல் மழை அன்று தூங்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

குழல்வாய்மொழி அந்தப் பலகையைச் சோதிக்கும் அறைக்குப் பொறுப்பு. அவளும் அதே காலனியில்தான் கடைசி வீட்டில் தங்கை உலகம்மையோடு இருந்தாள். உலகம்மையின் புருஷன் கேரளாவுக்கு லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பிள்ளை பெற்ற உடம்பு. குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெயரும் வைக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் பத்தியம் பார்த்து, பால் சுரக்கப் பூண்டு வதக்கிக் கொடுத்து, பிறகு ஓடி வந்து ஆலையில் கையெழுத்துப் போடுவாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் மேஜையில் இரண்டு பலகைத் துண்டுகள் கிடந்தன. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மாசானம் வந்து, மாதிரிக்குச் சீவியதைச் சீவிய பக்கம் ஒட்ட ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜன்னல் வழியே சாரல் அடித்து மேஜை நனைந்திருந்தது. துண்டுகளை ஒதுக்கி வைக்கலாம் என்று மேலே கிடந்ததை எடுத்தாள். கீழே இருந்ததும் கூடவே வந்தது.

இழுத்தாள். வரவில்லை. மேஜை விளிம்பில் தட்டினாள். கத்தியின் முனையை நடுவில் நுழைக்கப் பார்த்தாள். நுழைக்க அங்கே நடுவென்று ஒன்றில்லை.

ஒடித்த பலகை சேரும், அது தெரிந்ததுதான். ஆனால் ஒரு இரவு முழுக்க ஈரத்துணியில் கட்டி வைத்தால்தான் சேரும். இது சோறு தின்று வந்த நேரத்துக்குள். கலவை மெஷின் பார்க்கும் ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள்.

"உறை எவ்வளவு விடுதீங்க?"

"முன்ன விட்டதுல ரெண்டு பங்கு."

"யார் சொன்னா?"

"முதலாளிதான். காலனி கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாவ. கூரையில ஆணி அடிச்ச இடம் சீக்கிரம் மூடணுமாம். ஏன் மேடம், உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். அச்சிலிருந்து பிதுங்கி வரும் பலகைக்கு மேலே வழுவழுவென்று பிளாஸ்டிக் தோல் ஒன்று படிந்திருக்கும். அந்தத் தோல் இருக்கும்வரை உறை ஈரத்தில் பலகையை ஊதி இறுக்கினாலும் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கதவும் நிலையும் உரசினாலும் ஒன்றும் ஆகாது. கதவையும் நிலையையும் சீவினால் தோல் போய்விடும். கதவின் ஓரமும் பச்சைக் காயம், நிலையின் ஓரமும் பச்சைக் காயம். உறைக்குக் கதவென்ன, நிலையென்ன? நடுவில் இருக்கும் இடைவெளி அதற்கு ஒரு விரிசல், அவ்வளவுதான்.

காலையிலிருந்து காலனி முழுக்கக் கதவையும் ஜன்னலையும் சீவியிருக்கிறார்கள். சீவச் சொன்னது அவள்.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். சாலையைத் தாண்டும்போது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டாள். முதலில் ஒவ்வொரு வீடாகப் போய், கதவைச் சாத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வேறெதுவும் அப்புறம்.

காலனிக்குள் நுழைந்ததும் உயிர் வந்தது. பகலில் யாரும் அங்கே கதவைச் சாத்துவதில்லை. மழை தூறலாக விட்டிருந்தது. வரிசையாக எல்லாக் கதவும் திறந்து, வாசலில் பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே டிவி ஓடியது. செருப்புகளும், இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுந்த சீவலும் வாசல்களில் கிடந்தன.

கடைசி வீடு மட்டும் சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது.

சொல்ல நினைத்ததெல்லாம் அவளுக்கு அங்கேயே மறந்துவிட்டது.

"ஏட்டி உலகு! கதவத் தொற!"

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். காலனியில் பிறக்கும் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். "சத்தம் போடாத. இப்பதான் பிள்ளையக் குளிப்பாட்டி, தாய்க்கும் தலைக்கு ஊத்தி, சாம்பிராணி போட்டு வச்சிட்டு வாரேன். காத்துப் படக்கூடாதுன்னு நாந்தான் சாத்தினேன். மாசானம் சீவினதும் எம்புட்டு லேசாச் சாத்துது."

"சாம்பிராணியா? கங்கு உள்ளயா இருக்கு?"

"பின்ன? தூபக்கால் நெறையப் போட்டிருக்கேன். மழைக் குளிருக்குப் பிள்ளைக்குச் சூடு வேணும்லா."

ஓட்டு வீட்டில், ஓலை வீட்டில், சாதாரண மரக்கதவு போட்ட வீட்டில் எத்தனை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சாம்பிராணி போடுகிறார்கள். ஒன்றும் ஆனதில்லை. அந்த வீடுகளுக்கு ஆயிரம் ஓட்டை. இந்த வீட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது. மூடிய அறையில் கனலும் கங்கு என்ன செய்யும் என்பது அவளுக்குப் பாடப் புத்தகத்திலேயே தெரியும். புகைகூட வேண்டாம். கங்கிலிருந்து வரும் விஷக்காற்று வாசனை இல்லாமல், சத்தம் இல்லாமல் ஆளைத் தூங்க வைத்துவிடும்.

கதவைத் தோளால் இடித்தாள். சுவரை இடிப்பதும் அதுவும் ஒன்றாகத்தான் இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரலை ஓட்டினாள். கோடு மட்டும்தான் தட்டுப்பட்டது. அதுவும் சில இடங்களில் இல்லை.

"அக்கா," என்று உள்ளிருந்து உலகம்மையின் குரல் கேட்டது. குழறியது. "கதவு வரல அக்கா. தலை கிறுகிறுங்குது."

"உலகு, கங்குல தண்ணிய ஊத்து. குடத்த எடுத்து அப்படியே கவுத்து."

"எந்திரிக்க முடியல."

"தவழ்ந்து போ. ஏட்டி, கேக்குதா? தவழ்ந்து போ!"

ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிள்ளை சிணுங்கியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, முன்னதைவிட மெலிதாக.

மாசானம் கோடரியோடு ஓடி வந்தார். ஓங்கி ஒரு போடு போட்டார். பலகை தெறிக்கவில்லை, பிளக்கவில்லை. கோடரியின் வாய் உள்ளே இறங்கி நின்றது. அசைத்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அவள் பின்னாலேயே ஓடி வந்திருந்த ஆவுடையப்பனும் சேர்ந்து பிடித்து இழுத்தான். அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வெட்டின் இரண்டு உதடும் இரும்பைச் சுற்றி மெல்ல நெருங்கி வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கோடரியை அப்படியே விட்டுவிட்டு மாசானம் ஒரு எட்டு பின்னால் வந்தார். அந்த மனிதர் எதற்கும் பயந்து யாரும் பார்த்ததில்லை.

"இது என்ன தாயி?"

"அண்ணாச்சி, அப்புறம் சொல்லுதேன். ரம்பம், உளி, என்ன இருக்கோ கொண்டாங்க."

அதற்குள் மின்சாரம் போயிருந்தது. மெஷின் ரம்பம் இருந்தும் பயனில்லை. கைரம்பம் வந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரில் உளியால் ஒரு துளை குத்தி, அது மூடுவதற்குள் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை அடித்து இறக்கினார் மாசானம். குழாய் வழியே சாம்பிராணி மணம் வந்தது. நல்ல நாளும் கிழமையுமாக வீட்டில் வரும் அதே மணம். குழல்வாய்மொழி குழாயில் வாயை வைத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். பிறகு காதை வைத்தாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துளை ஒரு மூச்சுக்குக்கூடக் காணாது.

"தீய வச்சு உருக்கிரலாமா?" என்றான் ஆவுடையப்பன்.

"பிளாஸ்டிக் புகை உள்ள போனா அதுவே போதும்."

குழாய்க்குப் பக்கத்திலிருந்து மாசானம் அறுக்கத் தொடங்கினார். சாண் அளவு அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ரம்பத்துக்குப் பின்னால் அறுத்த தடமே இல்லை. மழைத்தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் பலகை தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டது. எவ்வளவு வேகமாக அறுத்தாரோ அவ்வளவு வேகமாக மூடியது.

கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி போனில் வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"குழலி, பதறாத. முன்பக்கச் சுவரக் கெடுக்காம பின்பக்கமா எடுக்க முடியுமான்னு பாரு. நாளைக்கு வெளியூர் ஆளுக பாக்க வாராங்க."

"முதலாளி, உள்ள பச்சப்பிள்ள இருக்கு."

"அதத்தான் நானும் சொல்லுதேன். பாத்துச் செய்யி."

அவள் போனைச் சேற்றில் எறிந்தாள். எறிந்ததுகூடத் தெரியாது. பக்கத்தில் ரஹ்மத் நின்றிருந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி. மழைக்குத் தலைமேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி, ஓதிக்கொண்டிருந்தாள். குழல்வாய்மொழியின் கண் அந்தத் தட்டில் விழுந்தது. அது மரமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கோடரியின் இரும்பைச் சுற்றி வந்ததே தவிர, இரும்போடு உறை சேரவில்லை.

"அக்கா, அதக் குடுங்க!"

தட்டைப் பிடுங்கி, கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் அடித்து விளிம்பை நிமிர்த்தினாள். மாசானம் அறுக்க அறுக்க, ரம்பத்துக்குப் பின்னாலேயே தட்டை வெட்டுக்குள் திணித்தாள். பலகை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. தட்டில் முட்டியது. நின்றுவிட்டது.

மாசானம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "தட்டு! வீட்டுல உள்ள எவர்சில்வர் தட்டு, மூடி, தாம்பாளம், எல்லாத்தையும் கொண்டாங்க!"

காலனியே ஓடியது. அதுவரை தூறிக்கொண்டிருந்த வானம் அப்போதுதான் பொத்துக்கொண்டு ஊற்றியது. காற்று மேற்கிலிருந்து சுழற்றி அடித்தது. பெண்கள் மடி நிறையவும் இடுப்பிலும் தலையிலுமாகத் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, பழைய துணிக்கு மாற்றியது. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ஆவுடையப்பன் கல்லில் போட்டு நிமிர்த்தித் தர, குழல்வாய்மொழி ஒவ்வொன்றாகத் திணித்தாள். கை கிழிந்தது. மனதுக்குள் ஒரே வேண்டுதல்தான் ஓடியது. எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், அந்தச் சின்ன உயிரை மட்டும் விட்டுவிடு.

மேல் பக்கம் முடிந்து வலது பக்கம் இறங்கினார்கள். மாசானம் தளர்ந்தபோது வேறு ஒருவன் ரம்பத்தை வாங்கினான். அவனுக்குப் பின் இன்னொருவன். தட்டு தீரும்போதெல்லாம் யாராவது வீட்டுக்கு ஓடி, மிச்சம் மீதியை வாரி வந்தார்கள். தட்டு தீர்ந்தபோது மூடிகள் வந்தன, மூடிகள் தீர்ந்தபோது தோசைக்கரண்டிகூட வந்தது. கடைசிப் பக்கமும் அறுபட்டதும் நாலைந்து பேர் சேர்ந்து உதைத்தார்கள். அந்தச் சதுரம் உள்பக்கமாக விழுந்தது.

குழல்வாய்மொழிதான் முதலில் நுழைந்தாள். உலகம்மை குடத்தின் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். கை குடத்தை எட்டியிருந்தது. பிள்ளை பாயில், வெள்ளைத் துணியில், கன்னமெல்லாம் ரோஜா நிறமாகத் தூங்கியது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அது விஷக்காற்று ஏறிய நிறம், நல்ல நிறமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளையை வாரிக்கொண்டு மழைக்குள் வந்தாள். முகத்தில் மழை அறைந்தது. செல்லத்தாய் பிள்ளையைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள், காலைச் சுண்டினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். பிறகு அது ஒருதரம் விக்கியது. இன்னொருதரம். அப்புறம் அழுதது பாருங்கள், அந்தச் சத்தம் ஆலை வரைக்கும் கேட்டிருக்கும்.

உலகம்மையை வெளியே கிடத்தியிருந்தார்கள். அவள் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, "பிள்ள எங்க?" என்றாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாசானம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்ல ஆவுடையப்பன் ஓடினான். குழல்வாய்மொழி தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை அழுவதைக் கேட்டபடி இருந்தாள். இனி எதுவும் ஆகாது என்று தோன்றியது. இரத்தம் கசியும் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அப்போதுதான் வரிசையைப் பார்த்தாள்.

முதல் வீட்டிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும், ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை.

மெதுவாகக் கேட்டாள். "ரஹ்மத் அக்கா, வீட்டச் சாத்திட்டா வந்தீங்க?"

"ஆமா. சாரல் வீட்டுக்குள்ள அடிக்குல்லா. எல்லாருமே சாத்திட்டுத்தான் வந்தோம். ஜன்னலையும் சாத்தி, வெளிய வராத, நனைவன்னு பையன்கிட்ட சொல்லிட்டு..."

ரஹ்மத் அத்தோடு நிறுத்தினாள். அவள் கண் கடைசி வீட்டுச் சுவரில் இருந்த ஓட்டைக்குப் போனது. அங்கிருந்து தன் வீட்டுக் கதவுக்குப் போனது. ஒவ்வொரு பெண்ணாகத் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசானம் எழுந்து ஓட்டையிடம் போனார். ஒரு தட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். சுவரின் உதடு அதன் விளிம்பைத் தாண்டி வளர்ந்திருந்தது. எல்லாத் தட்டும் அப்படித்தான். பாதிக்குமேல் உள்ளே போயிருந்த ஒன்றில் 'ரஹ்மத்' என்ற பெயரின் கடைசி எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. காலனியில் இருந்த தட்டு முழுக்க அந்தச் சுவருக்குள் இருந்தது.

மூன்றாம் வீட்டுக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"உம்மா," என்றான் பையன். அவன் குரலில் இன்னும் பயம் இல்லை. "உம்மா, கதவு வரல."